சாவியோடு கொடுத்த சொல்



கடைத்தெருவில் ஒருவர் ஒரு கடையை வாடகைக்கு எடுக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். நல்ல நாள் பார்த்து, முன்பணத்தை எண்ணிக் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதும், கட்டடத்தின் உரிமையாளர் சாவியை எடுத்து அவர் கையில் வைக்கிறார். வாங்கியவர் கதவைத் திறந்து, விளக்கேற்றி, தம் தொழிலைத் தொடங்குகிறார். அந்த வேளையில் உரிமையாளர் கொடுத்தது என்ன? நான்கு சுவர், ஒரு கூரை, ஓர் இரும்புக் கதவு என்று விடை சொல்லத் தோன்றும். அவ்விடை முழுமையானதன்று. சாவியோடு ஒரு சொல்லும் கைமாறுகிறது. ‘வாடகையை ஒழுங்காகக் கொடுத்து வரும் வரையில் இவ்விடத்தை நீர் இடையூறின்றி அனுபவிக்கலாம்’ என்பதே அச்சொல். உரிமையாளர் அதை வாய்திறந்து சொல்லாமல் இருக்கலாம். தாளில் எழுதாமலும் இருக்கலாம். ஆயினும் அவர் சொன்னதாகவே சட்டம் கொள்ளுகிறது.

இச்சொல்லைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பாடப்புத்தகத்தை விட்டு வாடகைக் கடைக்கு ஏன் போக வேண்டும் என்று நீங்கள் வினவலாம். உங்களுள் பலர் நாளை சிறு தொழில் தொடங்குவீர்கள். சிலர் கட்டடங்களுக்கு உரிமையாளராவீர்கள். இரு நிலையிலும் இது பயன்படும். எனக்கோ இதைப் பற்றிப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சற்றுப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

முதலில் சட்டத்தைக் காண்போம். வாடகைக்கு விடுபவர் தரும் இந்த உறுதி, ஆங்கில நாட்டு நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வளர்ந்து வந்த ஒரு கொள்கை. ‘அமைதியான அனுபவம்’ என்று பொருள்படும் பெயரால் அதனை அங்கே வழங்குவர். ஆங்கிலச் சட்டத்தின் கொள்கைகளைத் தழுவி இந்தியாவில் 1882-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சொத்துரிமை மாற்றச் சட்டமும் இதனை ஏற்றுக்கொண்டது. அச்சட்டத்தின் 108-ஆம் பிரிவு, குத்தகைக்கு விடுபவருக்கும் எடுப்பவருக்கும் உரிய உரிமைகளையும் கடமைகளையும் வரிசையாகக் கூறுகிறது. எடுத்தவர் வாடகையைச் செலுத்தித் தம் கடமைகளையும் நிறைவேற்றி வருவாராயின், குத்தகைக் காலம் முடியும் வரையில் இடையூறின்றி அச்சொத்தை வைத்துக்கொள்ளலாம் என்று விடுபவர் ஒப்பந்தம் செய்துகொண்டதாகவே கருதப்படுவார் என்பது அப்பிரிவின் ஓர் உட்பிரிவு. மாறான ஒப்பந்தமோ, அவ்வூர் வழக்கமோ இல்லாதபோது இது தானாகவே ஒவ்வொரு குத்தகையிலும் புகுந்துவிடும்.

‘அனுபவம்’ என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டா. நம் ஊர்ப் பத்திரங்களில் ‘ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது’ என்று எழுதுவார்கள் அல்லவா? அங்கே அனுபவித்தல் என்பதற்கு இன்பம் துய்த்தல் என்பது பொருளன்று. ஓர் இடத்தைத் தன் கைவசம் வைத்து, அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்காகப் பயன்படுத்துதல் என்பதே பொருள். அதுபோலவே ‘அமைதி’ என்பதும் ஓசையின்மை அன்று, குறுக்கீடு இன்மை. இவ்வேறுபாட்டை 1999-ஆம் ஆண்டு லண்டன் குடியிருப்புகளைப் பற்றிய வழக்கொன்று தெளிவாக்கியது. சுவர்கள் ஒலியைத் தடுக்கும் வகையில் கட்டப்படாமையால், அண்டை வீட்டார் பேசுவதும் நடப்பதும் கூடத் தங்கள் வீட்டில் கேட்கின்றன என்று அங்குக் குடியிருந்தோர் முறையிட்டனர். அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை அம்முறையீட்டை ஏற்கவில்லை. அண்டை வீட்டார் செய்தவை அன்றாட வாழ்க்கைக்குரிய இயல்பான செயல்களே. கட்டடமும் தொடக்கம் முதலே அந்நிலையில் இருந்ததே. ஆகவே கொடுத்த சொல் மீறப்படவில்லை என்பது தீர்ப்பு. எடுத்துக்கொள்ளும்போதே இருந்த குறையை, பின்னர் வந்த இடையூறு என்று சொல்ல இயலாது என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, இடையூறு எவ்வெவ்வகையில் நேரும் என்று பார்ப்போம். மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் விளங்குவது எளிது.

முதல் வகை, உரிமையாளர் தம் கையாலேயே செய்வது. 1942-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு வழக்கு. வாடகைக்கு இருந்தவரை வெளியேற்ற விரும்பிய உரிமையாளர், கதவுகளையும் சன்னல்களையும் கழற்றிக் கொண்டு போய்விட்டார். 1953-ஆம் ஆண்டு மற்றொரு வழக்கு. அங்கே எரிவாயுவும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. இரண்டிலும் உரிமையாளரே தவறு செய்தார் என்று நீதிமன்றங்கள் கண்டன. இவை வீடுகளைப் பற்றிய வழக்குகள். ஆனால் கடைக்கும் இக்கொள்கை பொருந்தும். நம் மாநிலத்திலும் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தக்க காரணமின்றி வசதிகளைத் துண்டிப்பதைத் தடை செய்திருந்தது. அதன் இடத்தில், 2017-இல் இயற்றப்பெற்று 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இப்போது நகர்ப்புறங்களில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் செல்லுபடியாகிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையா வசதிகளை உரிமையாளர் நிறுத்தினால், அவற்றை மீண்டும் அளிக்குமாறு வாடகை அதிகாரி ஆணையிடலாம். பழுது பார்க்கக் கடைக்குள் நுழைய வேண்டுமானாலும், உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன்னரே எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். கட்டடம் அவருடையதே, எனினும் வாடகைக் காலத்தில் வாயிற்படி வாடகைதாரருடையது.

இரண்டாம் வகை, கடையைத் தொடாமலே கடைக்கு ஊறு செய்வது. 1956-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு கடைக்காரரின் வழக்கு வந்தது. கட்டடத்தின் மேற்பகுதியைப் பழுது பார்ப்பதற்காக உரிமையாளர் கடையின் முகப்பில் சாரக் கம்புகளை நட்டுவிட்டார். கடைக்குள் யாரும் நுழையவில்லை. ஒரு பொருளும் சேதமாகவில்லை. ஆயினும் வாயிலையும் காட்சிச் சன்னலையும் நெருங்கி வரத் தடை உண்டாயிற்று. இதுவும் சொல் மீறியதே என்று நீதிமன்றம் கூறியது.

இவ்வகையில் 2016-ஆம் ஆண்டின் வழக்கொன்று இன்னும் நுட்பமானது. லண்டன் மேஃபேர் பகுதியில், ஒரு கட்டடத்தின் கீழ்த்தளங்களில் ஓவியக் காட்சிக்கூடம் நடைபெற்று வந்தது. மேல்தளங்களை மாற்றிக் கட்டும் உரிமையை உரிமையாளர் ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தார். அவ்வுரிமையின்படி கட்டடம் முழுவதையும் சாரத்தால் மூடினார். தெருவில் போவோருக்குக் கூடம் மூடப்பட்டதாகவே தோன்றியது, இரைச்சலும் மிகுந்தது. ‘உரிமை எனக்கு உண்டே’ என்பது அவர் வாதம். நீதிமன்றம் அவ்வுரிமையை மறுக்கவில்லை. ஆனால் அதனை நியாயமான முறையில் பயன்படுத்தினாரா என்று கேட்டது. சாரம் எப்படி அமையும் என்று கூடத்தாரோடு அவர் உரியபடி கலந்து பேசவில்லை; இடையூற்றுக்கு ஈடாக வாடகையைக் குறைக்கவும் முன்வரவில்லை. ஆகவே, வாடகையில் 20 விழுக்காட்டை இழப்பீடாகத் தருமாறு தீர்ப்பாயிற்று. உரிமை இருப்பது ஒன்று. அதை அண்டையாரை எண்ணிப் பார்த்துச் செலுத்துவது மற்றொன்று.

கடைக்கும் வீட்டுக்கும் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. வீட்டில் இடையூறு நேர்ந்தால் உறக்கம் கெடும், மனம் நோகும். கடையில் நேர்ந்தாலோ, அன்றைய சோறே கெடும். ஒரு கடைக்காரரின் செல்வம் அவர் பெட்டியில் மட்டும் இல்லை. ‘அந்த மூலைக்கடைக்குப் போவோம்’ என்று பத்து ஆண்டுகளாகப் பழகிய வாடிக்கையாளரின் கால்களில் இருக்கிறது. அக்கால்கள் ஒரு மாதம் வேறு வழியில் நடக்கத் தொடங்கினால், பிறகு திரும்புவது அரிது.

மூன்றாம் வகைக்கு வருகிறேன். இதுவே பலரும் உணராதது. உரிமையாளர் எதையும் செய்யவில்லை, வேறொருவர் செய்கிறார், உரிமையாளர் பார்த்துக்கொண்டு வாளா இருக்கிறார். இதற்கும் அவர் பொறுப்பாவாரா? இதற்கு விடை கூறுமுன், முன்னர் வாக்களித்த என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் உதவி ஆசிரியனாக இருந்த காலம். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் என் தந்தையார் விட்டுச் சென்ற மூன்று கடைகள் வரிசையாக இருந்தன. தெற்குக் கடையில் ஒரு பெரியவர் கடிகாரம் பழுது பார்த்து வந்தார். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு, மயிரிழை போன்ற சுருள்வில்லை இடுக்கியால் எடுத்து வைக்கும் அவருடைய கை நடுங்கி நான் பார்த்ததில்லை. மாதம் முதல் தேதியன்று மாலையில் வாடகை வந்து சேரும். 1994-ஆம் ஆண்டு நடுக்கடை காலியாயிற்று. அதனை மிளகாயும் மாவும் அரைக்கும் மில்லுக்குக் கேட்டார்கள். முன்னவர் கொடுத்ததைப் போல் இரு மடங்கு வாடகை. நான் ஒப்புக்கொண்டேன்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் பொதுச் சுவர் அதிர்ந்தது. பெரியவரின் மேசையில் பரப்பி வைத்த திருகாணிகள் தாமே நகர்ந்தன. மாவுத்தூள் படிந்து, எண்ணெய் இட்ட பல்சக்கரங்கள் பசையாயின. மிளகாய் அரைக்கும் நாளில் அவர் கண்களில் நீர் நிற்பதில்லை. ஒரு மாலை அவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

“வாத்தியார் ஐயா, மில்காரரிடம் நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். ‘நானும் வாடகை கொடுக்கிறவன்தானே’ என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்” என்றார்.

“பெரியவரே, இருவரும் எனக்கு வேண்டியவர்கள். உங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்களேன்” என்றேன் நான்.

நடுநிலையாகப் பேசிவிட்டதாக அன்று எனக்கு எண்ணம். பெரியவர் மறுமொழி சொல்லாமல் எழுந்து போனார். நான்கு மாதத்துக்குப் பின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். முன்பணத்தைக் குறையாமல் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவில் என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். அவர் வேறு தெருவில், ஒரு மாடிப்படியின் அடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். அவ்விடம் தெரியாமல் வாடிக்கையாளர் பலர் பழைய கடைக்கே வந்து, மில்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை நானே கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்துக் குடிமையியல் பாடத்துக்காகச் சட்ட நூல் ஒன்றைப் புரட்டும்போது, நான் முதலில் சொன்ன அந்த 108-ஆம் பிரிவு கண்ணில் பட்டது. படித்ததும் திண்ணையில் நான் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. ‘உங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்றேனே. அவர்களுக்குள் என்ன இருந்தது? பெரியவருக்கும் மில்காரருக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் இல்லை. இருவரோடும் ஒப்பந்தம் செய்துகொண்டவன் நான் ஒருவனே. ‘இந்நேரம் அரைக்கலாகாது, சுவரை ஒட்டி மோட்டாரை வைக்கலாகாது’ என்று சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தது. இரு கையாலும் வாடகை வாங்கிக்கொண்டு, அதிகாரத்தை மட்டும் மடியில் கட்டி வைத்தேன். அது நடுநிலை அன்று. மில்லின் பக்கம் நின்றதே ஆகும்.

இனி விடைக்கு வருவோம். என் கதையை ஒத்த ஒரு வழக்கு 1997-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. வண்டி வீடுகளுக்கு உரிய துணிப் பந்தல்களைச் செய்யும் தொழிலகம் ஒன்று. அதே உரிமையாளரிடம் பக்கத்து இடத்தை வாடகைக்கு எடுத்த மரவேலைத் தொழிலகம் மற்றொன்று. மரத்தூளும் இரைச்சலும் பொறுக்க முடியாமல், துணித் தொழிலகத்தார் குத்தகைக் காலம் முடியுமுன்னரே வெளியேறினர். அண்டை வாடகைதாரர் செய்யும் தொல்லை தெரிந்தும், அதைத் தடுக்க உரியதைச் செய்யாத உரிமையாளரே பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

அதே 1997-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் போக்னர் ரீஜிஸ் என்னும் கடற்கரை ஊரின் சிறிய அங்காடி ஒன்றைப் பற்றிய வழக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே ஒரு பெண்மணி புதிர்ப் பொருள்களும் விளையாட்டுப் பொருள்களும் விற்று வந்தார். உரிமையாளர் அருகிலுள்ள இடத்தை அடகுக் கடை ஒன்றுக்குக் கொடுத்தார். அடகு வைக்க வந்தவர்கள் பொது நடைவழியில் கூடி நின்றனர். அந்த வழியால் வருவதற்குப் பிறர் தயங்கினர். பெண்மணி பலமுறை முறையிட்டார், வணிகம் நலிந்தது, இறுதியில் கடையை மூடினார். மீதி வாடகையைக் கேட்டு உரிமையாளர் வழக்காடினார். நீதிமன்றம் அதனை மறுத்தது. பொது நடைவழி உரிமையாளரின் ஆளுகையில் இருந்தது. அதை ஒழுங்குபடுத்த விதிகள் செய்யும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. அதற்கான கட்டணமும் வாடகைதாரர்களிடம் வாங்கினார். ஆகவே, தம் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் இருந்ததன் மூலம் அவரே ஒப்பந்தத்தை முறித்தவர் ஆனார்.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் அடியில் பழமையான ஒரு நீதி இருக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தலாகாது என்பதே அது. கடை நடத்துவதற்கென்று இடத்தைக் கொடுத்துவிட்டு, கடை நடத்த இயலாதபடி செய்வதும், செய்ய விடுவதும் பறித்தலே. வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. எனினும் நம் 1882-ஆம் ஆண்டுச் சட்டமும் அவையும் ஒரே வேரில் கிளைத்தவையாதலின், அக்கருத்துகளை எடுத்துக்காட்டி வாதிட இடம் உண்டு.

இதைக் கேட்டு, எல்லாத் துன்பத்துக்கும் கட்டட உரிமையாளரே காரணம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கடமைக்கும் எல்லை உண்டு. நகராட்சி சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டினால் உரிமையாளர் என்ன செய்வார்? அவரோடு எத்தொடர்பும் இல்லாத அந்நியன் ஒருவன் அடாவடி செய்தால், அவன்மீதுதான் முறையிட வேண்டும். உரிமையாளரைப் பொதுவாகக் குறை கூற முடியாது. எங்கே அவருக்கு அதிகாரம் உண்டோ, அங்கேதான் அவருக்குக் கடமையும் உண்டு. இந்த அளவுகோலைக் கைக்கொண்டால் பெரும்பாலும் வழி தவற மாட்டீர்கள்.

வாடகைதாரரின் கடமையையும் மறத்தலாகாது. சட்டம் கொடுக்கும் உறுதி, வாடகை கொடுப்பவருக்கே உரியது. ‘இடையூறு நேர்ந்தது, ஆகவே வாடகையே கொடுக்க மாட்டேன்’ என்று தாமாகவே நிறுத்துவது ஆபத்தான வழி. 1966-ஆம் ஆண்டு நம் உச்ச நீதிமன்றத்துக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. மூன்று படுக்கையறைகள் கொண்ட குடியிருப்பில் ஓர் அறையை உரிமையாளர் ஒப்படைக்கவில்லை. வாடகை முழுவதையுமே நிறுத்திவிடலாம் என்பது வாடகைக்கு எடுத்தவரின் வாதம். நீதிமன்றம் அதனை ஏற்காமல், அனுபவித்த பகுதிக்கேற்ற அளவில் வாடகை செலுத்த வேண்டும் என்றது. எந்த வழக்கிலும் அதனதன் சூழ்நிலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் கூறியது.

அப்படியானால் இடையூற்றுக்கு உள்ளான கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்? முதலில், ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே முன்னிற்கும். இரண்டாவது, இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன இடையூறு நேர்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். மூன்றாவது, உரிமையாளருக்கு நேரில் சொல்வதோடு நில்லாமல், கடிதமாகவும் எழுதிப் படி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாது என்று பின்னர் அவர் சொல்ல இடமிராது. அதன்பின் வாடகை அதிகாரியிடமோ நீதிமன்றத்திடமோ போகலாம். தடையாணையும் இழப்பீடும் கேட்கலாம். எங்கள் பெரியவர் இவற்றுள் ஒன்றையும் அறியார். அறிந்த ஒருவர் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவர் திண்ணை தேடி வந்த ஆசிரியன் அன்று அதை அறிந்தவனாகவும் இல்லை, அறிய முயன்றவனாகவும் இல்லை.

அதற்குப் பின்னர் அம்மூன்று கடைகளுக்கும் நான் எழுதிய ஒப்பந்தங்களில் ஒரு வரியைச் சேர்த்தேன். ‘அண்டைக் கடையாரின் தொழிலுக்கு இடையூறான அதிர்வும் தூசியும் புகையும் உண்டாக்குதல் கூடாது, மீறினால் உரிமையாளர் தலையிடுவார்’ என்பது அவ்வரி. வாடகைக்கு வருவோரிடம் அதைப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் வாங்குவேன். ஒருமுறை, கூடுதல் வாடகை தர முன்வந்த ஒருவரை இவ்வரியின் காரணமாகவே விட வேண்டியிருந்தது. அதனால் குறைந்த வருவாய் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுள் எவரேனும் நாளை ஒருவருக்குச் சாவியைக் கொடுக்கும் நிலைக்கு வருவீர்களாயின், அதனோடு ஒரு சொல்லையும் கொடுக்கிறீர்கள் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அவர் ஒரு நாள் உங்கள் திண்ணைக்கு வந்து குறை சொன்னால், எழுந்து அவரோடு கடை வரையில் நடந்து போங்கள். அந்தச் சுவரில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். அது அதிர்ந்தால், அதைப் பேசித் தீர்க்க வேண்டியவர் நீங்களே.